பேறுகால விடுப்பு எடுத்த ஆண்டில் அப்ரைசல் மதிப்பெண் குறைந்துவிட்டது: கேட்டுப் பெற வழி உண்டா?

கேள்வி: பெல்லந்தூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல்லில் படித்து, 11 ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள். வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வங்கிகளுக்கான கணக்குத்தீர்வு மென்பொருளைக் கவனிக்கும் 7 பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. சென்ற ஆண்டு செப்டம்பர் நடுவில் பேறுகால விடுப்பில் சென்று, 26 வாரங்கள் கழித்து மார்ச் நடுவில் திரும்பினேன்.

விடுப்புக்கு முந்தைய ஐந்தரை மாதங்களில் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு மாறும் பணியைத் திட்டமிட்டதும் நடத்தியதும் நான்தான். இறுதி மாற்றம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு நடந்தது. அப்போது எனக்கு எட்டாம் மாதம். வீங்கிய காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, அதிகாலை நான்கு மணி வரை வீட்டிலிருந்தே அழைப்பில் இருந்தேன். கிளையன்ட் தரப்பில் ஒரு பரிவர்த்தனைகூடத் தடைப்படவில்லை. மறுநாள் எங்கள் இயக்குநர் எழுதிய பாராட்டு மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளாக 5க்கு 4 பெற்றுவந்த எனக்கு இந்த முறை 3 கிடைத்தது. காரணம் கேட்டபோது, "உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை, ஆனால் அரை ஆண்டு நீங்கள் இல்லையே, காலிப்ரேஷன் கூட்டத்தில் அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை" என்று என் மேலாளர் சொன்னார். மேலாளர்கள் கூடி எல்லோருடைய மதிப்பெண்களையும் ஒப்பிட்டு முடிவு செய்யும் கூட்டம் அது. போனஸும் பணியில் இருந்த மாதங்களுக்கு மட்டும் கணக்கிடப்பட்டுப் பாதியாகிவிட்டது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மதிப்பெண் அல்ல, படிவத்தில் இருந்த சொற்கள். "பொறுமையானவர், எல்லோரையும் அரவணைத்துச் செல்பவர், நுணுக்கங்களில் கவனம் உள்ளவர், சில நேரங்களில் தம் கருத்தில் பிடிவாதம் காட்டுகிறார்" என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். செப்டம்பருக்குப் பிறகு என் பொறுப்பை ஏற்ற சக ஊழியருக்கு, "சிக்கலான தளமாற்றத்தை முன்னின்று நடத்தியவர், அடுத்த நிலைக்குத் தயாராக இருக்கிறார்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் அவரே. அவர் நல்ல மனிதர், திறமையானவர், அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த முதல் வாக்கியம் என்னுடையது என்பதே என் வருத்தம்.

சட்டப்படி இது சரிதானா, பகை வளராமல் இதை எப்படிக் கேட்பது, இதில் பெண் என்ற காரணம் உண்மையிலேயே இருக்கிறதா அல்லது நான்தான் அப்படி எடுத்துக்கொள்கிறேனா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஊதியப்பிரிவு

சகோதரி, குழந்தையும் நீங்களும் நலமாக இருக்க வாழ்த்துகள். நான் ஒயிட்ஃபீல்டில் 14 ஆண்டுகளாக ஊதிய நிர்ணயப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் காலிப்ரேஷன் கூட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் உட்கார்ந்திருப்பவள் என்பதால், உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

ஓர் அறையில் ஆறேழு மேலாளர்கள் இருப்பார்கள், திரையில் 40 பெயர்கள் இருக்கும், நேரம் இரண்டு மணி. ஒரு பெயருக்கு மூன்று நிமிடம்தான். 5 என்றும் 4 என்றும் எத்தனை பேருக்குத் தரலாம் என்பது முன்பே ஏறத்தாழ முடிவாகியிருக்கும், ஆகவே ஒருவரை ஏற்றினால் இன்னொருவரை இறக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் யாரும் உங்கள் வேலையை ஆராய்வதில்லை, உங்கள் மேலாளரின் வாயிலிருந்து வரும் முதல் இரண்டு வாக்கியங்களைத்தான் எடைபோடுகிறார்கள். "தளமாற்றத்தை நடத்தி முடித்தவர்" என்று தொடங்கினால் பேச்சு ஒரு திசையில் போகும். "நல்ல பெண், பொறுமையானவர், பாதி ஆண்டு விடுப்பில் இருந்தார்" என்று தொடங்கினால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலான மேலாளர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனால் பட்டியலிலிருந்து யாரையாவது இறக்கியே ஆகவேண்டிய நேரத்தில், விடுப்பில் இருந்தவரை இறக்கினால் மறுத்துப் பேச எவரும் எழமாட்டார்கள் என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்கு நடந்திருப்பது இரட்டை வெட்டு. போனஸை மாதக் கணக்கில் குறைத்தது முதல் வெட்டு. பல நிறுவனங்களில் அது கொள்கையாகவே இருப்பதால், நியமன ஆவணங்களைப் பார்த்துத்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். ஆனால் காலத்துக்காக ஒருமுறை குறைத்த பிறகு, அதே காலத்துக்காக மதிப்பெண்ணையும் குறைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. இருந்த மாதங்களில் செய்த வேலையின் தரத்துக்குத்தான் மதிப்பெண் தரவேண்டும்.

போனஸ் ஒருமுறை போவது, ஊதிய உயர்வு அப்படியல்ல. உங்கள் அடிப்படை ஊதியம் 24 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4 வாங்கியவருக்கு 11 விழுக்காடும் 3 வாங்கியவருக்கு 6 விழுக்காடும் உயர்வு என்றால், முதல் ஆண்டு வேறுபாடு 1.2 லட்சம். அதன்பின் இருவருக்கும் ஒரே மாதிரி ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தாலும், பத்து ஆண்டுகளில் அந்த வேறுபாடு மொத்தம் 17 லட்சத்தைத் தாண்டும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் இதில் சேரவில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போது "இப்போது என்ன வாங்குகிறீர்கள்" என்று கேட்டு அதன்மேல் ஊதியம் பேசும் பழக்கம் இங்கே இருப்பதால், இந்த வேறுபாடு உங்களோடு அங்கேயும் வரும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில், நீங்கள் கற்பனை செய்யவில்லை என்பதுதான். எமிலியோ காஸ்டியா என்ற சமூகவியலாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 9,000 ஊழியர்கள் உள்ள ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பதிவேடுகளை ஆராய்ந்தார். ஒரே மாதிரி வேலையில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் ஊதிய உயர்வு குறைவாகக் கிடைத்திருந்தது. முடிவெடுப்பவர்கள் காரணத்தை எழுதித் தரவேண்டும், ஊதிய விவரம் மேலிடத்தின் பார்வைக்கு வரவேண்டும் என்ற முறை வந்தபின் அந்த இடைவெளி குறைந்தது என்று அவருடைய 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நான் இதை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், எங்கள் அலுவலகத்திலும் காரணத்தை எழுதச் சொன்ன ஆண்டில் மேலாளர்களின் பேச்சே மாறியது என்பதுதான்.

படிவத்தில் "அடுத்த நிலைக்குத் தயார்" என்று எழுதியிருக்கிறார்களே, அதைத் தனியாகக் கவனியுங்கள். பல நிறுவனங்களில் செயல்பாடு ஒரு பக்கமும் வளரும் திறன் மறுபக்கமுமாக ஒன்பது கட்டம் போட்டு ஆட்களை நிரப்புவார்கள். வட அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் சுமார் 30,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த பென்சன், லீ, ஷூ ஆகியோர், பெண்களுக்குச் செயல்பாட்டு மதிப்பெண் ஆண்களைவிடக் கூடுதலாகவும், வளரும் திறன் மதிப்பெண் குறைவாகவும் தரப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதே பெண்கள் அந்தக் கணிப்பைத் தாண்டிச் செயல்பட்டார்கள், அப்படியிருந்தும் அதற்கடுத்த முறையும் திறன் மதிப்பெண் குறைவாகவே இருந்தது. செய்து முடித்ததற்குச் சான்று உண்டு, இனிமேல் செய்வார் என்பது ஊகம். அந்த ஊகத்தில்தான் குழந்தை, குடும்பம், "இனி இவரால் முடியுமா" என்பதெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே உள்ளே வருகின்றன.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டம், விடுப்பில் இருக்கும் பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்று 12ஆம் பிரிவில் சொன்னது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஒரே வேலைக்குப் பாலின அடிப்படையில் ஊதிய வேறுபாடு கூடாது என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. மதிப்பெண்ணைப் பற்றிச் சட்டத்தில் நேரடியாக ஒரு வரி கிடையாது, எனவே முதல் கடிதத்திலேயே வழக்கறிஞர் பாணியில் எழுத வேண்டாம். "விடுப்புக் காலத்தைக் கணக்கில் கொள்ளாமல், பணியில் இருந்த காலத்தின் செயல்பாட்டை மட்டும் வைத்து என் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யவும், மாற்றமில்லை எனில் காரணத்தை எழுத்தில் தரவும்" என்று இரண்டே வரி போதும். இயக்குநரின் மின்னஞ்சலை அதனுடன் இணையுங்கள்.

மறுமொழி 2: எலக்ட்ரானிக் சிட்டி மேலாளர்

உங்கள் கேள்வியைப் படித்தபின் என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய மதிப்பீடுகள் 31, அவற்றில் 12 பெண்களுக்கு எழுதியவை. அந்தப் பன்னிரண்டில் ஒன்பதில் "அனுசரித்துப் போகிறார்" அல்லது அதற்கு நெருக்கமான ஒரு சொல்லை எழுதியிருக்கிறேன். ஆண்களுக்கு எழுதிய பத்தொன்பதில் அந்தச் சொல் ஒன்றில்தான் வருகிறது, அதுவும் கிளையன்ட்டிடம் சண்டை போட்ட ஒருவர் திருந்திவிட்டார் என்பதைச் சொல்வதற்காக.

2014இல் கீரன் ஸ்னைடர் என்ற மொழியியலாளர் 28 நிறுவனங்களிலிருந்து 248 மதிப்பீடுகளைத் திரட்டிப் படித்தார். குறை சொல்லியிருந்த மதிப்பீடுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஆண்களின் 83இல் இரண்டே இரண்டுதான் அவர்களுடைய குணத்தைக் குறை கூறியிருந்தன. பெண்களின் 94இல் 71 அவர்களுடைய குணத்தைக் குறை கூறியிருந்தன. உங்களுக்கு எழுதப்பட்ட "பிடிவாதம்" அந்த 71 வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் ஆகும் நிலையில் இருந்தபோது, பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் கற்றுக்கொண்டால் வாய்ப்புக் கூடும் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்துப் பதவி உயர்வை மறுப்பதும் பாலினப் பாகுபாடே என்று ஏற்றுக்கொண்டது.

சொற்களை மாற்றிவிடலாம். நான் செய்த வேறொரு தவறு அதைவிடப் பெரியது. எங்கள் அணியில் நள்ளிரவு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும் வேலை, மாதம் இரண்டு முறை வரும். பெண்களை அதில் போடாமல் இருந்தேன். நிறுவனத்தில் இரவு வண்டி உண்டு, பாதுகாவலர் உண்டு, இருந்தும் "பாவம், குழந்தையை விட்டுவிட்டு ஏன் வரவேண்டும்" என்று நானே முடிவு செய்துவிடுவேன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது கருணை என்று நம்பினேன். ஆண்டு முடிவில், நெருக்கடியில் தோள்கொடுத்தவர்கள் என்று நான் விருதுக்குப் பரிந்துரைத்த பெயர்கள் எல்லாம் அந்த இரவுகளில் இருந்தவர்களுடையவை. வாய்ப்பைத் தராமல் இருந்தவனும் நான், வாய்ப்பில் சாதித்தவர் யார் என்று தேடியவனும் நான். மதிப்பெண் போடும் நாளில் நான் நேர்மையாகத்தான் நடந்துகொண்டேன், ஆனால் அநியாயம் அதற்குப் பத்து மாதம் முன்பே, ரோஸ்டர் என்ற பணிமுறைப் பட்டியலைப் போடும் நாளில் நடந்து முடிந்துவிட்டது. ஓர் இளம் பொறியாளர் ஒரு நாள் என் அறைக்கு வந்து, "என்னைக் கேட்டிருந்தால் வந்திருப்பேனே, சார்" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். முடியாதவர், ஆணோ பெண்ணோ, தாமே சொல்லி மாற்றிக்கொள்கிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆயுத பூஜைக்கு அலங்காரம், நவம்பர் 1 கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவ விழா ஏற்பாடு, புதிதாக வந்தவர்களுக்கு இடம் காட்டுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது என்று எந்த மதிப்பீட்டுக் கட்டத்திலும் சேராத வேலைகள் யாரிடம் போகின்றன என்று உங்கள் அலுவலகத்தில் எண்ணிப் பாருங்கள். லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனையில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் இத்தகைய வேலைக்கு முன்வரப் பெண்களுக்கு 48 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு இருந்தது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் ஆண்களும் அதே அளவுக்கு முன்வந்தார்கள். குணமோ ஆர்வமோ இதற்குக் காரணமல்ல, ஒரு பெண் இருந்தால் அவர் செய்வார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

உங்கள் மேலாளருக்கு நான் ஒன்று சொல்ல முடிந்தால், கூட்டத்தில் தம்மால் வாதாட முடியவில்லை என்பதை உங்களிடம் சொன்ன நேரத்தில் இயக்குநரின் மின்னஞ்சலை அந்தக் கூட்டத்தில் படித்திருக்கலாமே என்பேன்.

மறுமொழி 3: மறுபக்கம்

நான் மாறுபட்டு ஒன்று சொல்ல விரும்புகிறேன். யாரையும் புண்படுத்துவது நோக்கமல்ல. எங்கள் அணியில் இருவர் அடுத்தடுத்துப் பேறுகால விடுப்பில் சென்றபோது, பதிலுக்கு ஆள் தரப்படவில்லை. மீதமிருந்த நாங்கள் நால்வர், இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும், ஏழு மாதங்கள் சனிக்கிழமைகளிலும் வேலை பார்த்தோம். ஆண்டு முடிவில் விடுப்பில் இருந்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மதிப்பெண் என்றால், அந்த ஏழு மாதங்களுக்கு என்ன பொருள்? விடுப்பு உரிமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதன் சுமையைச் சுமந்தவர்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வராமல் போவதும் அநியாயம் அல்லவா?

மறுமொழி 4: ஊதியப்பிரிவு

நியாயமான கேள்வி. உங்கள் ஏழு மாத உழைப்புக்கு உரிய பணத்தைத் தரவேண்டியது நிறுவனம், விடுப்பில் இருந்த தாயின் மதிப்பெண் அல்ல. விடுப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அதற்குத் தற்காலிக ஆள் எடுக்காததால் மிச்சமான ஊதியம் எங்கே போனது என்று நீங்கள் நால்வரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். விழுக்காடு வைத்து ஆட்களைப் பிரிக்கும் முறைதான் உங்களையும் அவர்களையும் ஒரே கட்டத்துக்காக மோதவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அத்தகைய வரிசைப்படுத்தலை 2013இல் கைவிட்டது. இங்கே பல இடங்களில் பெயரை மாற்றிக்கொண்டு அதே முறை இன்னும் தொடர்கிறது.

மறுமொழி 5: அல்சூர் அத்தை

பிள்ளைகளே, எனக்கு 67 வயதாகிறது. பெங்களூரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் 34 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றேன். உங்கள் தலைமுறைக்கு மதிப்பெண்ணாவது கண்ணில் காட்டப்படுகிறது. எங்கள் காலத்தில் ஆண்டு இரகசிய அறிக்கை என்றே அதற்குப் பெயர். அரக்கு முத்திரை வைத்த பழுப்பு உறை ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் பிரிவிலிருந்து மாடிக்குப் போகும். நானே பலமுறை அதை எடுத்துச் சென்று கொடுத்திருக்கிறேன், என்னைப் பற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

பதவி உயர்வுக்கு "மிக நன்று" என்ற தரம் தொடர்ந்து இருக்க வேண்டும். எனக்கு இரண்டு ஆண்டுகள் "நன்று" என்று போட்டிருந்தார்கள் என்பது, எனக்குப் பின் சேர்ந்த மூவர் மேலே சென்ற பிறகுதான் தெரிந்தது. இரண்டும் என் இரு பிள்ளைகள் பிறந்த ஆண்டுகள். "நன்று" என்பது குறையல்லவே, ஆகவே தெரிவிக்க வேண்டியதில்லை என்பது அன்றைய விதி. 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பதிவையும் அந்த ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அலுவலகக் கேன்டீனில் அமர்ந்து அழுதேன். எனக்கு அது காலங்கடந்த நீதி, பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

சி. பி. முத்தம்மாவைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. குடகில் பிறந்து, சென்னையில் படித்து, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர். திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசின் எழுத்துமூல அனுமதியைப் பெறவேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் பதவி விலகவும் நேரலாம் என்பதெல்லாம் அப்போது விதியாக இருந்தது. தம்மைவிட இளையவர்கள் உயர்ந்தபின் தமக்கு முதல்நிலைப் பதவி மறுக்கப்பட்டதால் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்துவிட்டது. இருந்தும் நீதிபதி கிருஷ்ணய்யர் 1979இல் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்து, அவருடைய பணிமூப்பை மறுஆய்வு செய்யச் சொன்னார். கேட்டதனால்தான் கிடைத்தது.

ஆனால் இந்த இழைக்கு மிகவும் பொருந்துவது 2021 மார்ச் 25 அன்று வந்த நிதிஷா வழக்கின் தீர்ப்பு. இராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தகுதி பார்த்து எடுப்போம் என்று பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்தார்கள். அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட காலத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி என்ற வாய்ப்பே கிடையாது. எதற்கும் பயன்படப்போவதில்லை என்ற நினைப்பில் மேலதிகாரிகள் அவற்றை ஏனோதானோவென்று எழுதியிருந்தார்கள். அதே ஆண்டில் ஆண்களுடைய அறிக்கைகள், அவர்கள் எதிர்காலம் அதில் இருக்கிறது என்ற கவனத்தோடு எழுதப்பட்டிருந்தன. பணியின் தொடக்க ஆண்டுகளின் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் அந்தப் பெண்கள் பெற்ற பதக்கங்களையும் சிறப்புகளையும் விட்டுவிட்டார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அரசு வாதிட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் அளவுகோல் ஒரு பிரிவினரை மட்டும் தொடர்ந்து கீழே தள்ளினால் அது மறைமுகப் பாகுபாடு என்று நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு எழுதினார்.

"அரை ஆண்டு இல்லையே" என்று உன்னிடம் சொன்னதும் அப்படிப்பட்ட அளவுகோல்தான், அம்மா. ஆண்டு முழுவதும் இருந்தவருக்கே 4 என்பது எல்லோருக்கும் பொதுவான விதி போலத் தோன்றும். அந்த விதியில் ஆறு மாத விடுப்புக்காகக் கீழே தள்ளப்படுபவர் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். பயப்படாமல் எழுத்தில் கேள். நான் கேட்காமல் விட்ட இரண்டு ஆண்டுகள் என் ஓய்வூதியக் கணக்கு வரைக்கும் வந்தன.

மறுமொழி 6: பொம்மனஹள்ளி

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். எங்களுக்கு அப்ரைசல் படிவம் கிடையாது. ஒவ்வொரு லைனுக்கும் முன்னால் பலகையில் மணிக்கு எத்தனை துண்டு முடிந்தது என்று எழுதுவார்கள், அதில் யாரும் ஏமாற்ற முடியாது. ஆனாலும் லைனில் தைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், மேற்பார்வையாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நியாயம் வந்துவிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், எங்கள் பலகையில் எண்ணிக்கை எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. மேற்பார்வையாளராக உயர்த்த ஆள் தேடும்போது அந்தப் பலகையை யாரும் பார்ப்பதில்லை, "சத்தம் போட்டு வேலை வாங்குவாளா" என்றுதான் கேட்கிறார்கள்.

கர்நாடக அரசு 2025 அக்டோபரில் மாதவிடாய்க்கு மாதம் ஒருநாள் ஊதியத்தோடு விடுப்பு என்று ஒப்புதல் தந்தபோது எங்கள் பெண்கள் மகிழ்ந்தார்கள். மறுநாளே அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி, "அக்கா, அதை எடுத்தால் வருகைப் போனஸ் போய்விடுமா?" என்பதுதான். இந்தக் கேள்வியும் உங்கள் கேள்வியும் ஒன்று என்று எனக்குத் தோன்றியதால் எழுதினேன்.

கேட்டவரின் பதில்: பெல்லந்தூர்வாசி

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அல்சூர் அத்தையின் கேன்டீன் வரியைப் படித்துவிட்டு நானும் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். பொம்மனஹள்ளிச் சகோதரி சொன்னது உண்மை, இரண்டும் ஒரே கேள்விதான். மறுபக்கத்தைச் சொன்ன நண்பருக்கும் நன்றி. என் இடத்தில் வேலை பார்த்தவருக்கும் தற்காலிக உதவியாள் தரப்படவில்லை என்பதை நான் அதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஊதியப்பிரிவுச் சகோதரி சொன்ன இரண்டு வரியை அப்படியே எழுதி, இயக்குநரின் மின்னஞ்சலையும் பணித்திட்ட ஆவணத்தின் முதல் பக்கத்தையும் இணைத்து, மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் அனுப்பினேன். என் பொறுப்பை ஏற்ற சக ஊழியரிடம் முன்கூட்டியே சொன்னேன். நான் கேட்காமலே அவர், ஆகஸ்டு வரையிலான திட்டமும் இறுதி மாற்றமும் என்னுடையவை என்றும், அதன்பின் ஆறு மாத நிலைப்படுத்தல் தம்முடையது என்றும் தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இந்த ஆண்டின் மதிப்பெண்ணைப் பணியில் இருந்த காலத்துக்கு மட்டும் கணக்கிட்டு மீண்டும் எடுத்துக்கொள்வதாகவும், போனஸின் மாதக் கணக்கில் மாற்றம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். மறுபரிசீலனைக் கூட்டம் வரும் வியாழக்கிழமை. முடிவு என்னவாகும் என்று தெரியாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் ஆண்டறிக்கையோடு ஆண், பெண் ஊழியரின் இடைநிலை ஊதியத்தையும், குழந்தை பிறப்புக்கான பெற்றோர் விடுப்புக்குப் பின் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் ஓராண்டுக்கு மேல் நிலைத்தார்கள் என்பதையும் தனித்தனியே வெளியிட வேண்டுமாம். எங்கள் நிறுவனம் இங்கே பட்டியலிடப்பட்டதல்ல. உங்களுடையது பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

என் குழுவில் நால்வருக்கு இந்த வாரம் இடைக்கால மதிப்பீடு எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, "அமைதியாக இருந்து அணிக்குப் பெரிதும் துணையாக இருப்பவர்" என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, "நள்ளிரவுக் கணக்குச் சரிபார்ப்பு ஓட எடுத்துக்கொண்ட 70 நிமிடத்தை 25 நிமிடமாகக் குறைத்தார், அந்த மாற்றத்தைத் தாமே கண்டுபிடித்து, தாமே வடிவமைத்து, கிளையன்ட் முன் விளக்கினார், அடுத்த ரிலீஸை இவர் தலைமையில் விடலாம்" என்று எழுதினேன்.  முதல் வரியை எழுதும்போதும் எனக்கு இவையெல்லாம் தெரிந்தே இருந்தன.